மெய்நிகர் ஒளிப்படக்கலையின் வரலாறு

மெய்நிகர் ஒளிப்படக்கலை என்பது கணினி உருவாக்கிய உலகத்துக்குள் சென்று, அங்குள்ள நிலக்காட்சிகளையும் அங்கு உலவும் உருவங்களையும் படமெடுக்கும் கலை. இதில் கண்ணாடி வில்லை இல்லை, படச்சுருள் இல்லை, வெளியிலிருந்து வரும் ஒளியும் இல்லை. ஆனால் கோணம், வெளிச்சம், சட்டகம், காத்திருப்பு ஆகிய நான்கும் இருக்கின்றன. வீடியோ விளையாட்டுகளின் ஓரத்தில் பொழுதுபோக்காகத் தொடங்கிய இந்தப் பழக்கம் சுமார் 40 ஆண்டுகளில் கலைக்கூடங்களுக்கும் நூல்களுக்கும் சட்ட விவாதங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த வளர்ச்சியை, 2003-இல் தொடங்கிய செகண்ட் லைஃப் என்னும் மெய்நிகர் உலகத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

அவதாரம் என்னும் சொல்

மெய்நிகர் உலகில் ஒருவரைக் குறிக்கும் உருவத்துக்கு 'அவதார்' என்று பெயர். இது நாம் தசாவதாரம் என்று சொல்லும்போது வரும் அதே வடமொழிச் சொல்தான். லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனத்துக்காக சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டி ஃபார்மரும் கொமடோர் 64 கணினியில் உருவாக்கிய 'ஹாபிடாட்' (1986) என்ற இணைய உலகில், பயனரின் திரை உருவம் இப்பெயரால் அழைக்கப்பட்டது. மேலிருந்து இறங்கி வந்து வேறோர் உடலை எடுத்துக்கொள்வது என்ற பொருள், கணினிக்கு வெளியே அமர்ந்திருக்கும் மனிதர் உள்ளே ஓர் உருவம் எடுப்பதற்குப் பொருத்தமாக அமைந்தது. தமிழில் அவதாரம் என்றே எழுதலாம்.

திரையைப் படமெடுத்த காலம்

விளையாட்டின் காட்சியைப் படமாக்கும் வழக்கம் உண்மையான கேமராவில்தான் தொடங்கியது. 1980-களின் தொடக்கத்தில் ஆக்டிவிஷன் நிறுவனம் தன் விளையாட்டுகளில் குறிப்பிட்ட அளவு புள்ளிகள் பெற்றவர்களுக்குத் துணியாலான சின்னங்களைப் பரிசளித்தது. அதைப் பெற, புள்ளிகள் தெரியும்படி தொலைக்காட்சித் திரையைப் படமெடுத்து அஞ்சலில் அனுப்ப வேண்டும். இருட்டறையில் கேமராவை அசையாமல் பிடித்துச் சிறுவர்கள் எடுத்த அந்தப் படங்களின் நோக்கம் அழகு காட்டுவது அன்று. இது நடந்தது என்று நிறுவுவது. படத்துக்குச் சாட்சி என்ற தகுதி அப்போதே வந்துவிட்டது. அந்தத் தகுதியைப் பற்றிய கேள்விகள் பின்னாளில் வேறு வடிவங்களில் திரும்பத் திரும்ப எழுந்தன.

கேமராவே விளையாட்டானது

அடுத்த கட்டத்தில் கேமரா விளையாட்டுக்குள் நுழைந்தது. ஜப்பானின் ஐரெம் நிறுவனம் 1992-இல் பிசி எஞ்சின் கருவிக்கு வெளியிட்ட 'கெகிஷா பாய்' விளையாட்டில், ஒளிப்படம் பயிலும் மாணவன் தெருவில் நிகழும் வேடிக்கைகளைப் படமெடுத்துப் புள்ளிகள் சேர்ப்பான். 1999-இல் நின்டெண்டோ 64 கருவிக்கு வந்த 'போக்கிமான் ஸ்னாப்' இந்த எண்ணத்தை உலகெங்கும் கொண்டுசென்றது. தானே நகரும் வண்டியில் அமர்ந்து செல்லும் ஆட்டக்காரரிடம் ஒரு பயணத்துக்கு 60 படங்களுக்கான சுருள் இருக்கும். பயணம் முடிந்ததும் பேராசிரியர் ஓக் ஒவ்வொரு படத்தையும் மதிப்பிடுவார். உயிரினம் சட்டகத்தில் எவ்வளவு பெரிதாக இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, நடுவில் அமைந்திருக்கிறதா என்பவை அவருடைய அளவுகோல்கள். அமெரிக்காவில் பிளாக்பஸ்டர் வாடகைக் கடைகளுக்கு விளையாட்டுப் பேழையை எடுத்துச் சென்றால், அங்கிருந்த இயந்திரத்தில் படங்களை ஒட்டுப்படங்களாக அச்சிட்டுக்கொள்ள முடிந்தது. திரைக்குள் எடுத்த படம் கையில் பிடிக்கும் பொருளாக மாறிய முதல் பரவலான வாய்ப்புகளில் இது ஒன்று.

இந்த மதிப்பீட்டு முறைக்கு ஓர் எல்லை உண்டு. எது நல்ல படம் என்பதை இயந்திரமே தீர்மானித்துவிடுகிறது. நடுவில் இல்லாத உருவத்துக்கு மதிப்பெண் குறையும். ஆட்டக்காரரின் கண்ணுக்கு அங்கே சுதந்திரம் குறைவு.

2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியான 'கிரான் டூரிஸ்மோ 4' வேறு வழியில் சென்றது. கசுனோரி யமாவுச்சியின் தலைமையில் பாலிஃபோனி டிஜிட்டல் உருவாக்கிய இந்தக் கார்ப் பந்தய விளையாட்டில், ஓட்டத்தை நிறுத்திப் படமெடுக்கும் 'ஃபோட்டோ மோட்' என்ற வசதி இருந்தது. துளை அளவு, திரை வேகம், குவியம் ஆகியவற்றை உண்மையான கேமராவைப் போலவே மாற்றலாம். எடுத்த படங்களை யுஎஸ்பி சேமிப்பில் எடுத்துக்கொள்ளலாம். இங்கே மதிப்பெண் இல்லை. படம் எடுப்பது படத்துக்காகவே என்றானது. இன்று பெரிய விளையாட்டுகள் பலவற்றில் காணப்படும் ஃபோட்டோ மோட் வசதிக்கு இதுவே முன்மாதிரி.

செகண்ட் லைஃப்: படமெடுக்க ஒரு நாடு

பிலிப் ரோஸ்டேல் நிறுவிய லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூன் 23 அன்று செகண்ட் லைஃபைப் பொதுமக்களுக்குத் திறந்தது. இதில் வெல்வதற்கோ தோற்பதற்கோ ஒன்றும் இல்லை. வீடு, மரம், உடை, தலைமுடி என உள்ளே காணும் ஏறக்குறைய எல்லாவற்றையும் பயனர்களே செய்தார்கள். அவற்றை லிண்டன் டாலர் என்ற உள்நாணயத்தில் விற்றார்கள். நிலம் 256 மீட்டர் நீளமும் 256 மீட்டர் அகலமும் கொண்ட பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பகுதியின் சொந்தக்காரர் மாதந்தோறும் கட்டணம் செலுத்த வேண்டும்.

இங்கே கேமரா அவதாரத்தின் கண்ணோடு கட்டப்பட்டதன்று. விசைப்பலகையின் ஆல்ட் விசையை அழுத்திச் சுட்டியை நகர்த்தினால் பார்வை உடலை விட்டுப் பிரிந்து, பொருளைச் சுற்றி வரும், உயரே எழும், அருகே செல்லும். எடுப்பவரின் அவதாரம் ஓரிடத்தில் நிற்க, அவருடைய கேமரா சுவருக்கு அப்பால் இருக்கக்கூடும். மலையேறாமலேயே மலை உச்சியின் கோணம் கிடைத்துவிடுவதால், நிலக்காட்சிப் படம் எடுப்பவரின் உழைப்பு இடத்தை அடைவதிலிருந்து ஒளியைத் தேர்வதற்கு இடம்பெயர்ந்தது.

தொடக்க ஆண்டுகளில் அந்த ஒளிதான் பெரிய குறையாக இருந்தது. வானம் தட்டையாக இருந்தது. முகத்தில் நிழல் விழாது. இதைச் சரிக்கட்ட, அவதாரங்கள் கண்ணுக்குத் தெரியாத சிறு விளக்குகளை உடலில் அணிந்துகொண்டன. இவற்றுக்கு முக விளக்கு என்று பெயர். ஆனால் அக்கால வரைகலை முறையில், ஓரிடத்தில் சூரியனும் நிலவும் நீங்கலாக அருகிலுள்ள 6 விளக்குகளின் ஒளியே தெரியும். முக விளக்கு அணிந்த நான்கைந்து பேர் ஓர் அரங்கில் கூடினால், அந்த அரங்கைக் கட்டியவர் வைத்த விளக்குகள் அணைந்தாற்போல் ஆகிவிடும். தன் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்ற ஒருவரின் ஆசை, அடுத்தவர் அமைத்த காட்சியைக் கெடுத்தது. இதனால் எழுந்த முணுமுணுப்பு பல ஆண்டுகள் நீடித்தது.

2007-இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. அந்த ஆண்டு ஜனவரியில் லிண்டன் லேப் தன் பார்வைச் செயலியின் மூலநிரலை வெளியிட்டது. அதன் பிறகு பிறரும் தங்கள் செயலிகளை உருவாக்கத் தொடங்கினர்; அவற்றுள் ஒன்றான ஃபயர்ஸ்டார்ம் பின்னர் ஒளிப்படத்துக்கென்றே தனிக் கருவிப்பெட்டியைச் சேர்த்தது. அதே ஆண்டில் 'விண்ட்லைட்' என்ற வளிமண்டலத் தொழில்நுட்பத்தை லிண்டன் லேப் வாங்கியது. மேகம், மூடுபனி, நீரில் வானத்தின் பிரதிபலிப்பு, அந்தியின் நிறம் ஆகியவை அதன்பின் செகண்ட் லைஃபுக்குள் வந்தன. 2010-களின் தொடக்கத்தில் பொருள்களின் நிழலும், பின்னணியை மங்கலாக்கும் குவிய ஆழமும் சேர்ந்தன.

விண்ட்லைட் கொண்டுவந்த ஒரு விந்தையைக் குறிப்பிட வேண்டும். வானத்தின் அமைப்பை ஒவ்வொருவரும் தம் கணினியில் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒரே கடற்கரையில் ஒரே நொடியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இருவரில் ஒருவருக்கு நண்பகல், மற்றவருக்கு அந்தி. செகண்ட் லைஃபின் இயல்பான ஒரு நாள் 4 மணி நேரம்தான். அதற்கும் காத்திருக்கத் தேவையில்லாமல் போயிற்று. ஒளிக்காகக் காத்திருப்பது நிலக்காட்சி ஒளிப்படக்காரரின் அடிப்படைத் தவம் என்று கருதப்பட்டு வந்தது. இங்கே சூரியனை ஒரு பொத்தானால் இடம் மாற்றலாம் என்றான பிறகு, திறமை என்பது கிடைத்ததைப் பிடிப்பதிலிருந்து வேண்டியதைத் தேர்ந்தெடுப்பதை நோக்கி நகர்ந்தது.

உருவப்படங்கள்

அவதாரத்தை உருவப்படமாக எடுப்பதற்கு வேறு வகைத் திறன் தேவைப்பட்டது. ஓய்வில் நிற்கும் அவதாரமும் அசைந்துகொண்டே இருக்கும். எனவே உடலைக் குறிப்பிட்ட நிலையில் நிறுத்தும் மேடைகள் விற்பனைக்கு வந்தன. அவதாரத்தின் தலையும் கண்ணும் பயனரின் சுட்டி செல்லும் பக்கம் திரும்பும் என்பதால், எங்கே பார்க்க வைப்பது என்பதைச் சுட்டியைக் கொண்டே முடிவு செய்தார்கள். பிடித்த நொடியை உறைய வைக்கும் வசதியும் படமெடுக்கும் சாளரத்தில் இருந்தது.

பிசினஸ்வீக் இதழ் 2006 மே 1 தேதியிட்ட அட்டையில் ஆன்ஷி சுங் என்ற அவதாரத்தின் படத்தை வெளியிட்டது. செகண்ட் லைஃபில் நிலம் வாங்கி விற்றுப் புகழ்பெற்ற ஐலின் கிராஃப் என்ற பெண்ணின் அவதாரம் அது. வணிக இதழ் ஒன்றின் அட்டையில் தொழிலதிபரின் முகம் வரும் இடத்தில், அவர் திரையில் அணிந்த முகம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் செகண்ட் லைஃபுக்குள் ஒரு செய்திப் பிரிவைத் திறந்தது.

கலைஞர்களும் இதைக் கவனித்தார்கள். இத்தாலியக் கலை இணையரான ஈவா மாத்தெஸ், பிராங்கோ மாத்தெஸ் ஆகியோர் செகண்ட் லைஃபில் சந்தித்தவர்களின் உருவப்படங்களை '13 மிக அழகிய அவதாரங்கள்' என்ற தொடராக்கித் துணியில் அச்சிட்டுக் காட்சிக்கு வைத்தனர். 1960-களில் ஆண்டி வார்ஹோல் எடுத்த திரை உருவப்படங்களின் தலைப்பை நினைவூட்டும் பெயர் அது. செகண்ட் லைஃபுக்குள்ளேயே இருந்த ஆர்ஸ் விர்ச்சுவா கலைக்கூடத்திலும் நியூயார்க்கிலும் இத்தொடர் காட்டப்பட்டது. பிரித்தானிய ஒளிப்படக்காரர் ராபி கூப்பர் எதிர்த்திசையிலிருந்து வந்தார். பல நாடுகளில் உள்ள ஆட்டக்காரர்களை உண்மையான கேமராவில் படமெடுத்து, பக்கத்தில் அவர்களுடைய அவதாரத்தின் படத்தை வைத்து 2007-இல் 'ஆல்டர் ஈகோ' என்ற நூலாக்கினார். இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்க்கும் வாசகருக்கு, ஒருவர் தன்னை எப்படிக் காண விரும்புகிறார் என்பது புலப்படும். உடற்குறையுள்ள ஒருவர் கவசம் பூண்ட வீரராக இருக்கக்கூடும். வேறொருவர் தன்னையே அச்சாக வார்த்திருக்கக்கூடும். உருவப்படம் என்பது உள்ளிருப்பவரைக் காட்டுவது என்றால், இவற்றில் எது உருவப்படம் என்ற கேள்வியை அந்நூல் வாசகரிடம் விட்டுவிடுகிறது.

யாருடைய படம்?

ஆன்ஷி சுங்கின் அவதாரமே உரிமைச் சிக்கலின் முதல் பெரிய எடுத்துக்காட்டாகவும் ஆனது. 2006 டிசம்பரில் செகண்ட் லைஃபுக்குள் நடந்த அவருடைய நேர்காணலைச் சிலர் ஆபாசமான உருவங்களைப் பறக்கவிட்டுக் குலைத்தனர். அந்தக் காட்சி யூடியூபில் வெளியானபோது, அவருடைய நிறுவனம் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ்ப் புகார் அளித்தது. நடந்த செய்தியைக் காட்டும் படத்தை, படத்தில் உள்ளவரின் உருவத்துக்கான பதிப்புரிமையைக் கொண்டு தடுக்க முடியுமா என்ற விவாதம் எழுந்தது. உண்மையான மனிதரின் முகத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆனால் அவதாரம் ஒருவர் வடிவமைத்த பொருள். அதற்குப் படைப்பாளி உண்டு. சட்டத்தின் இரண்டு தனித்தனிப் பெட்டிகள் இங்கே ஒன்றில் ஒன்று கலந்தன.

ஒரு செகண்ட் லைஃப் நிலக்காட்சியை எடுத்துக்கொண்டால் சிக்கல் இன்னும் தெளிவாகும். படத்தில் உள்ள மரத்தை ஒருவர் செய்திருப்பார், வீட்டை இன்னொருவர், நிலத்தை மூன்றாமவர் அமைத்திருப்பார், நிற்கும் அவதாரத்தின் ஆடையை நான்காமவர் தைத்திருப்பார். சட்டகம் மட்டுமே படமெடுத்தவருடையது. 2010-இல் லிண்டன் லேப் படங்களுக்கும் உள்ளே எடுக்கும் திரைப்படங்களுக்கும் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அசையும் படத்தில் அடையாளம் தெரியும்படி வரும் அவதாரங்களின் ஒப்புதலை அது கேட்டது. அசையாப் படத்துக்கு அந்த நிபந்தனையை வைக்கவில்லை. நிலத்தின் சொந்தக்காரர் படமெடுப்பதைத் தடை செய்திருந்தால் அதை மதிக்க வேண்டும். தெருவில் நின்று படமெடுப்பவருக்கும் தனியார் தோட்டத்தில் நின்று எடுப்பவருக்கும் இடையே நாம் காணும் வேறுபாட்டின் சாயல் இதில் உண்டு.

போர்க்களத்தில் ஒரு செய்தியாளர்

2014-இல் டைம் இதழ் ஒரு சோதனை செய்தது. ஈராக் போரைப் படமெடுத்த ஆஷ்லி கில்பர்ட்சனிடம், நோயால் சீர்குலைந்த அமெரிக்காவைக் காட்டும் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' விளையாட்டைக் கொடுத்து, அதை ஒரு போர்க்களமாகக் கருதிப் படமெடுக்கச் சொன்னது. புதுப்பித்த பதிப்பில் ஃபோட்டோ மோட் இருந்ததால் இது முடிந்தது. ஆனால் முன்னேறிச் செல்ல ஆட்டக்காரர் கொன்றாக வேண்டும். உண்மையான போரில் செய்தியாளர் ஆயுதம் ஏந்துவதில்லை; இங்கே படமெடுப்பவரே கொல்பவரும் ஆனார். அந்த அனுபவம் அவருக்குக் கடும் ஒவ்வாமையைத் தந்தது. வன்முறையில் ஈடுபடும்போதும் பாத்திரங்களின் முகத்தில் அதற்குரிய உணர்ச்சி இல்லை என்பதையும் அவர் கண்டார். கருவியின் குறையைச் சொன்ன அந்த விமர்சனம், போர்ப் படங்களில் நாம் தேடுவது என்ன என்பதையும் சொல்லிவிட்டது.

கருவிகளும் ஏற்பும்

2016-இல் என்விடியா நிறுவனம் அறிவித்த 'ஆன்செல்' என்ற மென்பொருள், ஆதரவளிக்கும் விளையாட்டுகளை நிறுத்தி, கேமராவைத் தனியே நகர்த்தி, திரையின் அளவைவிடப் பன்மடங்கு பெரிய படங்களையும் 360 பாகைப் படங்களையும் எடுக்க உதவியது. அமெரிக்க மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் படமெடுத்த ஆன்செல் ஆடம்ஸின் (1902–1984) பெயரை அதற்கு வைத்ததே, தொழில்நுட்ப நிறுவனங்கள் இதை நிலக்காட்சி மரபின் தொடர்ச்சியாகக் கருதத் தொடங்கியதைக் காட்டுகிறது.

2020-இல் வெளியான 'உமுராங்கி ஜெனரேஷன்' ஒளிப்படத்தையே மீண்டும் விளையாட்டாக்கியது. மாவோரி வழிவந்த நஃப்தாலி ஃபாக்னர் உருவாக்கிய இது, நியூசிலாந்தின் டௌரங்கா நகரில் நெருக்கடி சூழ்ந்த ஓர் எதிர்காலத்தில் நடக்கிறது. ஆட்டக்காரர் கேட்ட பொருள்களைப் படமெடுத்துக்கொண்டே போகும்போது, சுற்றிலும் நடப்பதை யாரும் சொல்லாமலேயே அறிந்துகொள்கிறார். 2021-இல் இது சுதந்திர விளையாட்டுகளுக்கான விழாவில் முதன்மைப் பரிசான ஷேமஸ் மெக்நாலி பரிசைப் பெற்றது. அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் பாஸ்கல் கிரெகோ, பெருந்தொற்றால் ஐஸ்லாந்துப் பயணம் தடைப்பட்டபோது, அந்நாட்டை நினைவூட்டும் நிலங்களைக் கொண்ட 'டெத் ஸ்ட்ராண்டிங்' விளையாட்டுக்குள் படங்களை எடுத்து நூலாக்கினார்.

பெயரிலும் ஏற்பு வந்தது. செகண்ட் லைஃப் படங்களின் முதன்மைக் களமாக விளங்கிய ஃப்ளிக்கர் தளம் நெடுங்காலம் இவற்றைத் திரைப்பிடிப்பு என்ற வகையில்தான் சேர்க்கச் சொன்னது. திரைப்பிடிப்பு என்ற சொல் கோணத்தையும் ஒளியையும் தேர்ந்தவரைக் கணக்கில் கொள்வதில்லை என்று எடுப்பவர்கள் வருந்தினர். 2022-இல் மெய்நிகர் ஒளிப்படம் என்ற தனி வகையை அத்தளம் சேர்த்தது.

ஒளிப்படம் என்று சொல்லலாமா?

இதை மறுப்பவர்களின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. ஒளிப்படத்தில் உள்ள பொருள் ஒரு காலத்தில் கேமராவின் முன் உண்மையாகவே இருந்தது என்பதே அதன் தனித்தன்மை என்று பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1980-இல் எழுதினார். செகண்ட் லைஃபின் கடலில் நீர் இல்லை. அங்கிருந்து வந்த ஒளி எந்தப் பரப்பிலும் விழவில்லை. இதை ஓவியத்தோடு சேர்ப்பதே முறை என்று அவர்கள் சொல்வர்.

மறுபக்கத்தில், ஓவியர் இல்லாததை வரைகிறார். மெய்நிகர் ஒளிப்படக்காரர் பிறர் உருவாக்கி வைத்திருப்பதைக் காண்கிறார். அந்தத் தோட்டம் அவர் வருவதற்கு முன்னும் இருந்தது. அங்கே அந்த மாலையில் அந்த மனிதர்கள் கூடியது உண்மை. அவர்கள் பேசியதும் பிரிந்ததும் உண்மை. இந்த வாதத்தின் வலு, அந்த உலகம் மறையும்போதுதான் முழுமையாகத் தெரியும்.

மறையும் உலகங்கள்

கூகுளின் 'லைவ்லி' உலகம் 2008-இல் தொடங்கி அந்த ஆண்டின் கடைசி நாளிலேயே மூடப்பட்டது. 2008 டிசம்பரில் அனைவருக்கும் திறக்கப்பட்ட சோனியின் 'பிளேஸ்டேஷன் ஹோம்' 2015 மார்ச் 31 அன்று அணைந்தது. பார்சிலோனாவைச் சேர்ந்த ரோக் ஹெர்ம்ஸ் அதற்குள் ஆண்டுக்கணக்கில் எடுத்த படங்களை 'போஸ்ட்கார்ட்ஸ் ஃப்ரம் ஹோம்' என்ற நூலாக்கினார். அவர் நின்ற சதுக்கத்துக்கு இன்று வழி இல்லை.

செகண்ட் லைஃப் இன்னும் இயங்குகிறது. ஆனாலும் அதன் நிலப்பகுதிகள் ஓயாமல் மறைந்துகொண்டிருக்கின்றன. சொந்தக்காரர் கட்டணத்தை நிறுத்தினால், நோயுற்றால், இறந்தால், அவர் ஆண்டுக்கணக்கில் வளர்த்த தீவு வரைபடத்திலிருந்து நீங்கிவிடும். இடிபாடு கூட மிஞ்சாது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ஆதரவில் 2008 முதல் 2010 வரை நடந்த மெய்நிகர் உலகங்களைப் பாதுகாக்கும் ஆய்வுத் திட்டம், இத்தகைய இடங்களை அப்படியே சேமிப்பது எவ்வளவு கடினம் என்பதை எடுத்துக்காட்டியது. ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு ஆளுக்குச் சொந்தம். எல்லோரிடமும் அனுமதி பெற்றாக வேண்டும். அப்படியே பெற்றாலும் கட்டடங்கள்தாம் கிடைக்கும். அங்கு கூடியவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

ஆகவே பல இடங்களுக்கு எஞ்சியிருக்கும் சான்று, யாரோ பொழுதுபோக்காக எடுத்த படம் மட்டுமே. அந்தச் சான்றும் உறுதியானதன்று. இலவசக் கணக்குகளில் 1000 படங்களுக்கு மேல் வைக்க இயலாது என்று 2018-இல் ஃப்ளிக்கர் அறிவித்தபோது, மறைந்த தீவுகளின் படங்களைப் பல்லாயிரமாகச் சேர்த்து வைத்திருந்தவர்கள் பணம் செலுத்துவதா, தரவிறக்குவதா, விட்டுவிடுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது.

மெய்நிகர் உலகங்களின் வரலாற்றை எழுத வருபவருக்கு நிறுவனங்களின் அறிக்கைகள் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எவ்வளவு பணம் புழங்கியது என்பதைச் சொல்லும். மக்கள் எங்கே கூடினார்கள், எப்படி உடுத்தினார்கள், எதை அழகென்று கருதினார்கள் என்பதைச் சொல்வது இந்தப் படங்களே. எடுத்த இடத்தின் பெயரையும் நாளையும், நிலத்தை அமைத்தவரின் பெயரையும் படத்தோடு குறித்து வைக்கும் வழக்கம் செகண்ட் லைஃப் ஒளிப்படக்காரர்கள் பலரிடம் உண்டு. அந்த மூன்று குறிப்புகளும் உள்ள படம், அழகில் எப்படியிருந்தாலும், ஓர் ஆவணம்.